வருகிறவர்கள் வாங்காமல் போகிறார்கள்: கன்வெர்ஷனைக் கூட்டும் வழிகளில் எதை முதலில் எடுப்பது?

உங்கள் இணையதளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், வாங்குபவர்கள்தான் குறைவு. கையில் கொஞ்சம் பணமும் கொஞ்சம் நேரமும் இருக்கிறது. அதை எதில் போடுவது? விளம்பரத்தைக் கூட்டி இன்னும் நிறையப் பேரை வரவழைக்கலாம். தளத்தை அடியோடு மாற்றிக் கட்டலாம். தள்ளுபடி அறிவிக்கலாம். ஏ/பி சோதனைக்கு, அதாவது பக்கத்தின் இரண்டு வடிவங்களில் எது அதிகம் விற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, ஒரு கருவியைச் சந்தாவில் எடுக்கலாம். வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்கலாம். கண்ணுக்குத் தெரிகிற குறைகளை மட்டும் சரிசெய்து பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் உங்களுக்கு எத்தனை ஆர்டர் வருகிறது என்ற எண்ணைப் பார்த்துத்தான் இந்தத் தேர்வைச் செய்ய வேண்டும். எண் சிறியதென்றால் ஏ/பி சோதனையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆட்களைக் கவனித்துத் தடைகளை எடுப்பதில் இறங்குங்கள். எண் பெரியதென்றால் சோதனை இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். சிறிய தளங்கள் பெரிய நிறுவனங்களின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நேரத்தை இழப்பதைப் பார்க்க உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

கணக்குக்காக ஒரு தளத்தை வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 பேர் வருகிறார்கள், 200 பேர் வாங்குகிறார்கள். கன்வெர்ஷன் விகிதம், அதாவது வருகிறவர்களில் வாங்குபவர்களின் பங்கு, 2 சதவீதம். கட்டுரை முழுக்க இதே தளம்தான்.

வருகையைக் கூட்டுவதா, விகிதத்தைக் கூட்டுவதா

200 ஆர்டரை 300 ஆக்க வேண்டுமென்றால் வருகையை 15,000 ஆக்கலாம், அல்லது விகிதத்தை 3 சதவீதம் ஆக்கலாம். ஒரு வருகைக்கு விளம்பரச் செலவு 10 என்றால், 2 சதவீதத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 500 ஆகிறது. 3 சதவீதத்தில் அதே வாடிக்கையாளர் சுமார் 333-க்குக் கிடைக்கிறார். விளம்பரத்தை நிறுத்தினால் அதனால் வரும் கூட்டமும் நின்றுவிடும். தளத்தில் ஒரு தடையை எடுத்துவிட்டால், அப்புறம் வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பலன் தொடரும். ஏற்கெனவே ஓரளவு வருகை உள்ள தளம் முதலில் விகிதத்தைத்தான் கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. மாதம் சில நூறு பேர் மட்டுமே வரும் தளத்தில் விகிதத்தைப் பற்றி யோசிப்பதில் பெரிய பயன் இல்லை. 300 பேரில் 2 சதவீதம் என்பது 6 பேர். அடுத்த மாதம் அது 9 ஆவதும் 4 ஆவதும் வெறும் தற்செயலாக இருக்கலாம். அங்கே முதல் வேலை சரியான ஆட்களை வரவழைப்பதுதான்.

அடுத்தது, விகிதத்தையே இலக்காக வைத்தால் ஏமாந்துபோவோம். நம் உதாரணத் தளம் ஒரு மலிவான விளம்பரம் மூலம் இன்னொரு 10,000 பேரைக் கொண்டுவருகிறது, அவர்களில் 40 பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 20,000 பேருக்கு 240 ஆர்டர். விகிதம் 2-லிருந்து 1.2-க்கு இறங்கிவிட்டது, விற்பனையோ ஏறியிருக்கிறது. தளத்தில் எதுவும் கெட்டுப்போகவில்லை, வருகிறவர்களின் கலவை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எனவே விகிதத்தை எப்போதும் பிரித்துப் பாருங்கள்: மொபைலில் எவ்வளவு, கணினியில் எவ்வளவு, தேடல் வழியாக வந்தவர்களிடம் எவ்வளவு, விளம்பரம் வழியாக வந்தவர்களிடம் எவ்வளவு. தள வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் இந்தப் பிரிப்பைச் செலவில்லாமல் செய்யலாம். மொபைலில் மட்டும் பாதியாக விழுந்திருந்தால், வேலை எங்கே என்பது தெரிந்துவிட்டது.

தெரிந்த தடைகளை எடுப்பது

எல்லா வழிகளிலும் குறைந்த செலவு இதற்குத்தான். எந்தத் தளத்துக்கும் பொருந்துகிற சில தடைகள் ஏற்கெனவே நன்றாக ஆராயப்பட்டிருக்கின்றன. பேமார்ட் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரிப்படி, கூடையில் பொருளைப் போட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமலே வெளியேறுகிறார்கள். இவர்களில் நிறையப் பேர் சும்மா பார்க்க வந்தவர்கள், அவர்களை விட்டுவிடலாம். மற்றவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம், கடைசி நேரத்தில் வந்து சேரும் கூடுதல் தொகைக்கு: அனுப்பும் செலவு, வரி, கட்டணம். கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் முக்கியமான காரணங்களில் ஒன்று.

இந்த இரண்டையும் சரிசெய்ய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மொத்த விலையைப் பொருளின் பக்கத்திலோ கூடையிலோ காட்டுங்கள். கணக்கு இல்லாமலே வாங்க வழிவிடுங்கள். கணக்கு வேண்டுமா என்று பணம் கட்டி முடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

படிவங்களும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, 'இது இல்லாமல் இந்த ஆர்டரை அனுப்ப முடியாதா?' என்று கேளுங்கள். பயணத் தளமான எக்ஸ்பீடியா, பணம் கட்டும் பக்கத்திலிருந்த 'நிறுவனம்' என்ற ஒரே ஒரு கட்டத்தை நீக்கியதால் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் லாபம் கூடியது என்று 2010-இல் சொன்னது. அந்தக் கட்டத்தைப் பார்த்துக் குழம்பிய சிலர் தங்கள் வங்கியின் பெயரை எழுதி, அடுத்துக் கேட்ட முகவரிக்கு வங்கியின் முகவரியையே கொடுத்துவிட்டார்கள். கார்டோடு முகவரி பொருந்தாமல் பணம் போகவில்லை. வாங்கத் தயாராக இருந்தவர்களை ஒரு கட்டம் திருப்பி அனுப்பியிருக்கிறது.

வேகமும் இந்த வகைதான். கூகுள் தன் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோலில் மூன்று எல்லைகளை வைத்திருக்கிறது: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். ஏற்றப்படும்போது பொத்தான்களும் படங்களும் இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1-க்கு மேல் போகக்கூடாது. 100 வருகையில் 75 வருகைக்காவது இவை நிறைவேற வேண்டும் என்பது அதன் விதி. இவற்றில் இரண்டாவது, அதாவது தொடுதலுக்கான அளவு, 2024 மார்ச்சில் பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. அதற்கு முன் சோதித்துவிட்டு 'எல்லாம் பச்சை' என்று நினைத்திருப்பவர்கள் ஒருமுறை மறுபடி பார்த்துவிடுவது நல்லது.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாத் தளத்துக்கும் பொதுவான குறையைத்தான் இது பிடிக்கும். உங்கள் தளத்துக்கு மட்டுமே உரிய குழப்பத்தை எந்தப் பட்டியலும் சொல்லாது.

உட்கார்ந்து பார்ப்பதும் கேட்பதும்

ஜாரெட் ஸ்பூல் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 2009-இல் எழுதிய ஒரு சம்பவம் இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்தது. ஒரு பெரிய இணையக் கடையில் கூடைக்கும் பணம் கட்டும் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னப் படிவம் இருந்தது: மின்னஞ்சல், கடவுச்சொல், 'உள்நுழை', 'பதிவு செய்'. திரும்பத் திரும்ப வாங்குபவர்களுக்கு வசதி என்று நினைத்து வைத்தது அது. ஆட்களைக் கூட்டிவந்து, பணமும் கொடுத்து, அவர்களுக்குத் தேவையானதை அந்தத் தளத்தில் வாங்கச் சொல்லிக் கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. புதியவர்கள் 'நான் வாங்க வந்தேன், உறவு கொண்டாட வரவில்லை' என்று எரிச்சலடைந்தார்கள். பழையவர்களுக்கோ எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தோம் என்பதே நினைவில்லை. 'பதிவு செய்' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, கணக்கு கட்டாயமில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடிப்பவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை.

இன்றைக்கு நமக்கு இது 'தெரிந்த தடை'. அன்றைக்கு அந்தக் கடைக்குத் தெரியாது, ஆட்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் தளத்திலும் அப்படி ஒன்று இப்போது இருக்கலாம்.

பார்க்க மூன்று வழி இருக்கிறது. முதலாவது, ஆட்கள் தளத்தில் செய்வதைப் பதிவுசெய்து காட்டும் கருவிகள். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம். ஹாட்ஜார் போன்றவையும் உண்டு. யார் எங்கே சொடுக்குகிறார்கள், எதுவரை கீழே போகிறார்கள், எந்த இடத்தில் ஒன்றுமே நடக்காமல் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள் என்பதையெல்லாம் காட்டும். இந்தக் கடைசி விஷயத்தைத் தவறவிடாதீர்கள். ஒரு படத்தைப் பலர் தட்டுகிறார்கள், அதற்கு இணைப்பே இல்லை என்றால், அவர்களுக்கு அங்கே ஏதோ வேண்டியிருக்கிறது என்று பொருள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பெயர், கார்டு எண் போன்றவை பதிவில் மறைக்கப்பட வேண்டும், பார்வையாளரின் ஒப்புதல் பற்றிய சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்க வந்தவரின் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டு விகிதத்தைக் கூட்ட முடியாது.

ஆனால் பதிவுகள் 'என்ன' என்பதைச் சொல்லும், 'ஏன்' என்பதைச் சொல்லாது. அதற்கு ஓர் ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். எத்தனை பேர்? பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டுவருகிறார் என்றால், ஐந்து பேர் சேர்ந்து சுமார் 85 சதவீதத்தை வெளிக்கொண்டுவந்துவிடுவார்கள். அதற்கு மேல் பார்த்தவற்றையே திரும்பப் பார்ப்போம். 15 பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்து, சரிசெய்து, இன்னும் ஐந்து பேரைப் பார்ப்பது மேல் என்பதும் அவர் சொன்னதுதான். இந்த 31 சதவீதம் எல்லாத் தளத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதல் ஐந்து பேரிடமே பெரிய குறைகள் வெளிவந்துவிடும் என்ற அடிப்படை சரியானது.

இதில் கடினமான பகுதி வாயை மூடிக்கொண்டு இருப்பது. 'மேலே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டால் சோதனை முடிந்துபோயிற்று. 'உங்கள் தேவைக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள், மனதில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்' என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் தவறான பக்கத்துக்குப் போகும்போது கை துறுதுறுக்கும்; உதவக்கூடாது. நீங்கள் உதவுகிற அந்த இடத்தில்தான் மற்றவர்கள் எல்லாம் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். நண்பர்களையும் ஊழியர்களையும் தவிர்த்துவிட்டு, உங்கள் பொருள் தேவைப்படக்கூடிய வெளியாட்களைப் பிடியுங்கள்.

மூன்றாவது, கேட்பது. வாங்கி முடித்தவுடன் நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: 'வாங்குவதற்கு முன் உங்களைத் தயங்க வைத்தது எது?' வாங்கியவர்களும் தயங்கித்தான் வாங்கியிருப்பார்கள். அவர்களைத் தயங்க வைத்தது இன்னும் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கும். 20, 30 பதில் வந்தாலே ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். அதோடு உங்களுக்கு ஏற்கெனவே வந்த மின்னஞ்சல்கள், சாட் உரையாடல்கள், தளத்தின் தேடல் பெட்டியில் ஆட்கள் தட்டச்சிட்ட சொற்கள் எல்லாவற்றையும் படியுங்கள். பொருளை விவரிக்க நீங்கள் ஒரு சொல்லும் அவர்கள் வேறொரு சொல்லும் பயன்படுத்துகிறார்கள் என்றால், பக்கத்தில் இருக்க வேண்டியது அவர்களுடைய சொல்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து பேரைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கலாம், அளவைக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்தில் இரண்டு பேர் தடுமாறினால் உலகத்தில் 40 சதவீதம் பேர் தடுமாறுகிறார்கள் என்று சொல்லக்கூடாது. இரண்டு வடிவங்களைக் காட்டி 'எது பிடித்திருக்கிறது?' என்று கேட்பதும் வீண். பிடித்திருக்கிறது என்பதும் வாங்குவார் என்பதும் வேறு வேறு. 'எது அதிகம் விற்கும்' என்ற கேள்விக்கு நம்பகமான விடை தருவது ஏ/பி சோதனைதான்.

ஏ/பி சோதனை: யாருக்கு, எப்போது

வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய பக்கத்தையும் மறுபாதிக்குப் புதிய பக்கத்தையும் ஒரே நேரத்தில் காட்டுவது. பருவம், விளம்பரம், செய்தி எல்லாம் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி பாதிப்பதால், முடிவில் தெரியும் வித்தியாசம் பக்கத்தினால் வந்தது என்று சொல்ல முடிகிறது. வேறு எந்த முறைக்கும் இந்த வலிமை இல்லை. இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். மதிப்பதால்தான் தவறான இடத்தில் பயன்படுத்தக்கூடாது என்கிறேன்.

இதன் அருமைக்கு ஓர் உதாரணம், 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஒபாமாவின் பிரசாரத் தளம். டான் சிரோக்கரின் குழு 4 பொத்தான்களையும் 6 படங்கள், வீடியோக்களையும் கலந்து 24 வடிவங்களைச் சோதித்தது. குழுவில் இருந்தவர்கள் பெரிதும் நம்பியது ஒரு வீடியோவை. கடைசியில் எல்லா வீடியோக்களும் எல்லாப் படங்களுக்கும் பின்னால்தான் வந்தன. ஒபாமாவின் குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பொத்தானும் சேர்ந்த வடிவம் வென்றது. பதிவு செய்வோர் விகிதம் 8.26-லிருந்து 11.6 சதவீதமானது. அனுபவசாலிகளின் ஊகம் அங்கே தோற்றது. சிரோக்கர் பிறகு ஆப்டிமைஸ்லி என்ற சோதனைக் கருவி நிறுவனத்தை இணைந்து தொடங்கினார்.

இன்னொன்று மைக்ரோசாஃப்டின் பிங் தேடல். விளம்பரத் தலைப்பு தெரியும் விதத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம் என்ற யோசனை, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தது. 2012-இல் ஒருவர் சோதித்துப் பார்த்தபோது வருமானம் 12 சதவீதம் ஏறியது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல்.

இந்தக் கதைகளைப் படித்துவிட்டு நாமும் தொடங்கலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். ஒபாமா தளத்தின் அந்த ஒரு சோதனையில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பிங்குக்கு வருகிறவர்கள் கோடிக்கணக்கில். பிங்கின் சோதனைகளைப் பல ஆண்டுகள் நடத்திய ரான் கோஹவி, கூகுள், பிங் போன்ற இடங்களில் 10 முதல் 20 சதவீதச் சோதனைகள்தான் நல்ல பலன் தருகின்றன என்று எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நடத்துபவர்களுக்கு அது போதும். ஆண்டுக்கு மூன்றே மூன்று நடத்துபவருக்கு?

ஆம், மூன்றுதான். நம் உதாரணத் தளத்துக்கே கணக்கைப் போடுவோம். 2 சதவீத விகிதம் 2.4 ஆகிறதா என்று வழக்கமான நம்பகத்தன்மையோடு பார்க்க (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம்), ஒரு பக்கத்துக்குச் சுமார் 21,000 பேர் வேண்டும். இரு பக்கத்துக்கும் 42,000. மாதம் 10,000 பேர் வரும் தளத்தில் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். 2.2 ஆகிறதா என்று பார்க்கச் சுமார் 1,60,000 பேர், அதாவது 16 மாதம். தேடும் வித்தியாசம் பாதியானால் தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நான்கு மடங்காகிறார்கள். பொத்தானின் நிறத்தை மாற்றுவது மாதிரி வேலைகள் தரக்கூடியது இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான், அதுவும் தந்தால். மாறாக 3 சதவீதமாகக் குதிக்கிறதா என்று பார்க்க இரு பக்கத்துக்கும் சேர்த்து 8,000 பேருக்குள் போதும், ஒரே மாதம். ஆக, சிறிய தளம் சோதித்தால் பெரிய மாற்றத்தைத்தான் சோதிக்க வேண்டும். பெரிய மாற்றம் எது என்று தெரிய, முந்தைய பகுதியில் சொன்ன கவனிப்பு வேண்டும்.

நான்கு மாதம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அங்கேதான் தவறு தொடங்குகிறது. தினமும் காலையில் கருவியைத் திறந்து பார்த்து, 'வென்றது' என்று பச்சையில் தெரிந்தவுடன் நிறுத்திவிடுகிறார்கள். 5 சதவீதத் தவறுக்கு இடம் விட்டு வகுத்த சோதனையை இப்படி இடையிடையே பத்து முறை பார்த்து, ஏதாவது ஒருமுறை பச்சையானால் நிறுத்துவது என்று வைத்தால், தவறான வெற்றி வரும் வாய்ப்பு சுமார் 19 சதவீதம் ஆகிவிடும். புள்ளியியலாளர்கள் 1969-லேயே இதைக் கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த வெற்றி உண்மையாகவே இருந்தாலும், அதன் அளவு பெரிதாகித் தெரியும். '30 சதவீத உயர்வு' என்று கொண்டாடிய பிறகு மாதக் கடைசியில் விற்பனை அப்படியே இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இடையிடையே பார்ப்பதற்கென்றே வகுக்கப்பட்ட முறைகள் சில கருவிகளில் உண்டு. உங்கள் கருவியில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால், எத்தனை பேர் வேண்டும் என்பதை முன்பே எழுதிவைத்து, முழு வாரங்களாக ஓட்டி, அந்த எண்ணை அடைந்த பிறகுதான் முடிவைப் படிக்க வேண்டும்.

இன்னொரு சின்னச் சோதனையையும் மறக்காமல் செய்யுங்கள். பாதிப் பாதியாகப் பிரிக்கச் சொன்ன 10,000 பேர் 5,300, 4,700 என்று பிரிந்திருந்தால் அது தற்செயல் இல்லை, கருவியில் ஏதோ உடைந்திருக்கிறது. அந்த முடிவை எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நடுத்தரமான தளங்களுக்கு ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. தளம் முழுவதையும் சோதிக்காமல், வாங்குவதற்கு மிக அருகில் உள்ள படியை மட்டும் சோதிப்பது. நம் தளத்தில் பணம் கட்டும் பக்கத்தை 660 பேர் அடைகிறார்கள், 200 பேர் முடிக்கிறார்கள் என்றால் அந்தப் படியின் விகிதம் சுமார் 30 சதவீதம். அது 40 ஆகிறதா என்று பார்க்க ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 360 பேர் போதும். ஒரு மாதத்துக்குச் சற்று மேல். அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே போனவர்களின் இரைச்சல் கணக்கில் சேராததால்தான் இந்த லாபம். பணம் கட்டும் பக்கத்தில் தடை இருக்கிறது என்று கவனிப்பில் தெரிந்திருந்தால், சிறிய தளமும் நம்பிக்கையோடு செய்யக்கூடிய சோதனை இது.

செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசச் சோதனைக் கருவியாக இருந்த கூகுள் ஆப்டிமைஸ் 2023 செப்டம்பர் 30-உடன் மூடப்பட்டுவிட்டது. இப்போது பெரும்பாலும் சந்தா கட்ட வேண்டும், அல்லது குரோத்புக் போன்ற திறமூலக் கருவியை அமைத்துப் பராமரிக்க ஒரு நிரலாளர் வேண்டும்.

புதுத் தளமும் தள்ளுபடியும்

இவற்றை நீட்ட வேண்டியதில்லை. தளத்தை முழுவதும் மாற்றிக் கட்டினால் நூறு விஷயம் ஒரே நாளில் மாறும். விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாது. பழகிய வாடிக்கையாளர்கள் வழி தெரியாமல் திண்டாடுவார்கள், பக்க முகவரிகள் மாறினால் தேடலில் கிடைத்த இடமும் ஆட்டம் காணும். மொபைலில் தளம் வேலையே செய்யவில்லை, அல்லது அடிப்படை மென்பொருள் எந்த மாற்றத்தையும் அனுமதிக்கவில்லை என்றால் மட்டும் இதை எடுங்கள். 'பார்க்கப் பழசாக இருக்கிறது' என்பது போதுமான காரணம் அல்ல.

தள்ளுபடி விகிதத்தை உடனே ஏற்றும், சந்தேகமில்லை. ஆனால் 100-க்கு விற்று 30 லாபம் பார்ப்பவர் 10 சதவீதம் குறைத்தால் லாபம் 20 ஆகிறது. பழைய லாபத்தை எட்டவே விற்பனை 50 சதவீதம் கூட வேண்டும். அதற்கு மேல் கூடினால்தான் பயன். வாடிக்கையாளர்கள் அடுத்த தள்ளுபடிக்காகக் காத்திருக்கப் பழகுவது தனி.

போலியான கவுண்ட்டவுன், 'இன்னும் 2 மட்டுமே' என்ற பொய், ரத்து செய்ய முடியாத சந்தா போன்ற தந்திரங்களையும் சிலர் கன்வெர்ஷன் வேலை என்றே விற்கிறார்கள். ஹாரி பிரிக்னல் என்ற பயன்பாட்டு வடிவமைப்பாளர் 2010-இல் இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்துத் தொகுக்கத் தொடங்கினார். இப்போது பல நாடுகளில் சட்டமும் பின்தொடர்கிறது. வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ், ஆட்களைத் தந்திரமாக வாங்க வைத்ததற்காக 2022-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 24.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சட்டம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யாதீர்கள். வாங்க வந்தவரை ஏமாற்றி வாங்க வைப்பது தவறு.

நீங்களே செய்வதா, ஆள் வைப்பதா

தடைகளை எடுப்பதையும் ஐந்து பேரைப் பார்ப்பதையும் நீங்களே செய்யுங்கள். அறிக்கையாகப் படிப்பதும், ஒருவர் உங்கள் பக்கத்தில் திணறுவதை நேரில் பார்ப்பதும் ஒன்றல்ல. பார்த்தவர் அன்று மாலையே அதை மாற்றிவிடுவார். சோதனைகளுக்கு மட்டும் வெளியாள் வைக்கலாம். வைப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வீர்கள்? இதுவரை நீங்கள் நடத்திய சோதனைகளில் எத்தனை தோற்றன? தோல்வியே இல்லை என்பவரையும், தளத்தைப் பார்ப்பதற்கு முன்பே இத்தனை சதவீத உயர்வு நிச்சயம் என்பவரையும் விட்டுவிடுங்கள்.

சரி, எதை எடுப்பது

மாதம் 100 ஆர்டருக்குள் என்றால்: தெரிந்த தடைகளை ஒரு வாரத்தில் எடுத்துவிட்டு, ஐந்து பேரைப் பாருங்கள், சரிசெய்யுங்கள், இன்னும் ஐந்து பேரைப் பாருங்கள். சோதனைக் கருவிக்குப் பணம் கட்ட வேண்டாம். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் உள்ள எண்களை, இடையில் விளம்பரத்தையும் விலையையும் தொடாமல், ஒப்பிட்டுப் பாருங்கள். அது பலவீனமான சான்றுதான். ஆனால் 'கூடையிலிருந்து பணம் கட்டும் பக்கத்துக்குப் போனவர்கள்' மாதிரி மாற்றிய படியின் எண்ணை மட்டும் பார்த்தால் ஓரளவு நம்பலாம்.

100-லிருந்து 1,000 வரை: மேலே சொன்னதேதான், கூடவே வாங்கும் படிக்கு அருகில் உள்ள பக்கங்களில் ஆண்டுக்கு மூன்று நான்கு பெரிய சோதனைகள். வடிவமைப்பின் நுணுக்கங்களைச் சோதிக்காதீர்கள். விலையைச் சொல்லும் விதம், படிவத்தின் நீளம், கணக்கு இல்லாமல் வாங்குவது, உத்தரவாதத்தை எங்கே காட்டுவது போன்றவற்றைச் சோதியுங்கள்.

1,000-க்கு மேல் என்றால் 2 சதவீத விகிதத்தில் மாதம் 50,000 பேர் வருகிறார்கள். முன்பு நான்கு மாதம் எடுத்த அதே சோதனை இப்போது ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். இங்கே கருவிக்கும் அதை நடத்தும் ஆளுக்கும் செலவு செய்வது நியாயம், முக்கியமான எந்த மாற்றமும் சோதிக்கப்படாமல் போகக்கூடாது. வெற்றியை விகிதத்தில் மட்டும் அளக்காமல், ஒரு வருகைக்கு எவ்வளவு வருமானம், எத்தனை ஆர்டர் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்ப்பதை அப்போதும் விட்டுவிடாதீர்கள். அடுத்து எதைச் சோதிப்பது என்பது அங்கிருந்துதான் கிடைக்கும்.